கால் எரிச்சலுக்கு மனச்சோர்வு மாத்திரையா?



தொலைக்காட்சி அரங்கில் ஒரு தலைப்பைப் பேச நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். முக்கியமான இடத்துக்கு வரும்போது விளம்பர இடைவேளை வந்துவிடும். அங்கே சொன்னதையும், நேரம் போதாமல் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. தகவல் சாதனத் துறையில் டிப்ளோமா வாங்கிக்கொண்டு ஒலிவாங்கியைப் பிடித்தவள். ஆனால், நரம்பு வலியோடு வாழும் ஓர் அம்மாவுக்கு மகள். இந்தத் தலைப்பைப் பேச எனக்கு இருக்கும் உரிமை அதுதான்.

என் அம்மா இருப்பது பாலிக் புலாவில். ஜோர்ஜ்டவுனிலிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு போனால் தீவின் பின்புறத்தில் வரும் ஊர். டுரியான் பருவத்தில் மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் வரும். மற்ற நாள்களில் ஜாதிக்காய் மரங்களும் கிராம்பு மரங்களும் அமைதியாக இருக்கும் இடம். அம்மா இளமையில் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் நின்றபடியே வேலை செய்தவர். இப்போது வயது 64. இனிப்புநீர் வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன.

ஒரு நாள் இரவு ஊருக்குப் போயிருந்தேன். நள்ளிரவில் எழுந்து பார்த்தால் அம்மா சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கால்களும் வெறும் சிமெண்டுத் தரையில். பக்கத்தில் ஈரத் துண்டு. "என்னம்மா?" என்றேன். "ஒண்ணும் இல்ல பாப்பா, கால் நெருப்பா எரியுது. தரை ஜில்லுன்னு இருக்கு, அதான்" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "ஒரு வருசம் இருக்கும்" என்றார் சாதாரணமாக.

மறுவாரம் ஒரு கிளினிக்குக் கூட்டிப் போனேன். கூட்டம் அதிகம். டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்தார், சில கேள்விகள் கேட்டார், ஒரு சின்ன மாத்திரையை எழுதிக் கொடுத்தார். "ராத்திரி ஒன்று, தூக்கம் வரும்" என்றார். அவ்வளவுதான். மாத்திரையின் பெயர் அமிட்ரிப்டிலின்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் அந்தப் பெயரைக் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: "ஐயோ, இது மனநோய்க்குக் கொடுக்கிறதாச்சே. உங்களுக்கு ஏன் கொடுத்தாங்க?" அன்று இரவே அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். எனக்கும் சொல்லவில்லை, டாக்டருக்கும் சொல்லவில்லை. "என்னைப் பைத்தியம்னு நெனச்சிட்டாங்க போல" என்று மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து எரிச்சல் தாங்க முடியாமல், ஒரே இரவில் இரண்டு மாத்திரைகளைப் போட்டுக்கொண்டார். விடியற்காலை கழிவறைக்குப் போக எழுந்தவர், தலை சுற்றிக் கீழே விழுந்தார். நல்லவேளை, மணிக்கட்டு வீக்கத்தோடு போயிற்று. எலும்பு முறிந்திருந்தால்? தலையில் அடிபட்டிருந்தால்?

இந்த விபத்துக்குக் காரணம் மாத்திரையா? பக்கத்து வீட்டு அக்காவா? டாக்டரா? என்னைக் கேட்டால், யாரும் உட்கார்ந்து விளக்காததுதான் காரணம் என்பேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நரம்பு ஏன் எரிகிறது?

காலில் முள் குத்தினால் வலிக்கிறது. அது நியாயமான வலி. அங்கே காயம் இருக்கிறது, நரம்பு அந்தச் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகிறது. நரம்பு வலி அப்படிப்பட்டதல்ல. செய்தி கொண்டுபோகும் நரம்பே கெட்டுப்போயிருக்கிறது. வாசலில் ஆளே இல்லாதபோதும் கம்பி பழுதாகித் தானாக அடிக்கும் அழைப்பு மணியைப் போன்றது இது. எரிச்சல், குத்தல், மின்சாரம் பாய்வதுபோல் ஒரு வெட்டு, எறும்பு ஊர்வதுபோல் ஓர் உணர்வு, போர்வை பட்டாலே கூச்சம், எல்லாம் இதன் முகங்கள். பகலில் வேலையில் மறந்திருக்கும். இரவில் படுத்ததும் தலைதூக்கும்.

இனிப்புநீர் பல ஆண்டுகள் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் நரம்புகளையும், அவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்ணிய குழாய்களையும் அரித்துவிடுகிறது. உடலிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. ஆகவே பாதிப்பும் அங்கேதான் தொடங்குகிறது, காலுறை போட்ட இடம் மாதிரி இரண்டு பாதங்களிலும். அக்கி வந்து போன இடத்தில் மாதக்கணக்கில் எரிவதும், முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கிக் காலில் இழுப்பதும், புற்றுநோய்க்கான சில மருந்துகளுக்குப் பிறகு கைகால் மரத்துப்போவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வலிகள்தாம்.

இது நம் சமூகத்துக்கு அந்நியமான விஷயம் அல்ல. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பதாகத் தெரியவந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த எண்ணிக்கை 15.6 விழுக்காட்டுக்கு இறங்கியது நல்ல செய்தி. என்றாலும், கல்யாண வீட்டுப் பந்தியில் நம் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் பார்த்தால் நிலவரம் புரியும்.

இப்படிப்பட்ட வலிக்கு நாம் முதலில் தேடுவது பனடோலை. அது இங்கே பெரும்பாலும் எடுபடாது. அடுத்து, கடையில் வாங்கும் வீக்க நிவாரண வலி மாத்திரைகள். நரம்பு வலிக்கு அவற்றாலும் பெரிய பயன் இல்லை. அதோடு, இனிப்புநீரால் ஏற்கெனவே களைத்துப்போன சிறுநீரகத்துக்கு அவை கூடுதல் சுமை. அதற்கும் அடுத்து, "மூட்டுவலி, நரம்புவலி எல்லாம் மூன்றே நாளில் பறக்கும்" என்று விற்கப்படும் ஜாமு, பொடி, உருண்டை. இவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து மறைத்துக் கலக்கப்பட்டிருந்ததைச் சுகாதார அமைச்சின் அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையை ஏற்றும். நோயைக் கொடுத்த பகைவனையே வீட்டுக்குள் விருந்தாளியாக அழைத்த கதையாகிவிடும்.

மனச்சோர்வு மருந்து இங்கே எப்படி வந்தது?

இது ஒரு சுவையான வரலாறு. 1956ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரோலண்ட் கூன் என்ற மனநல மருத்துவர், இமிப்பிரமின் என்ற மருந்து மனச்சோர்வைக் குறைப்பதைக் கவனித்தார். மறு ஆண்டு அதை வெளியிட்டார். அந்தக் குடும்பத்து மருந்துகளின் கதை அங்கே தொடங்கியது. 1960ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர்கள் அதே மருந்தை வலியால் துன்பப்படுகிறவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது இமிப்பிரமினின் தம்பியான அமிட்ரிப்டிலின். 1982ஆம் ஆண்டு கனடாவில் அக்கி வலிக்கு இது கைகொடுப்பதை ஆய்வு செய்து காட்டினார்கள்.

உடனே ஒரு கேள்வி எழுந்தது. வலியோடு இருப்பவருக்கு மனம் சோர்ந்துதான் இருக்கும். மாத்திரை மனச்சோர்வைக் குறைப்பதால் வலி குறைந்ததுபோல் தோன்றுகிறதா, இல்லை, உண்மையிலேயே வலி குறைகிறதா?

இதற்கு அமெரிக்காவில் மிட்செல் மேக்ஸ் என்ற மருத்துவரின் குழு பதில் தேடியது. 1987ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வில், இனிப்புநீர் நரம்பு வலி உள்ளவர்களில் மனச்சோர்வு இருந்தவர்களுக்கும் வலி குறைந்தது, மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் வலி குறைந்தது. 1992ஆம் ஆண்டு இன்னொரு ஆய்வு. அமிட்ரிப்டிலின் சாப்பிட்டவர்களில் 74 விழுக்காட்டினர் ஓரளவோ அதற்கு மேலோ நிவாரணம் கண்டார்கள். அதன் உறவுக்கார மருந்தான டெசிப்பிரமின் சாப்பிட்டவர்களில் 61 விழுக்காடு. ஃபுளுவோக்செடின் என்ற மருந்து சாப்பிட்டவர்களில் 48 விழுக்காடு. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 41 விழுக்காடு.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஃபுளுவோக்செடின் மனச்சோர்வுக்கு நல்ல மருந்து. ஆனால் நரம்பு வலிக்கு, வெற்று மாத்திரையைவிடச் சொல்லும்படியாக ஒன்றும் செய்யவில்லை. மனம் தெளிவதால்தான் வலி குறைகிறது என்றால் அதுவும் வேலை செய்திருக்க வேண்டுமே! ஆக, அமிட்ரிப்டிலின் வலியின் பாதையிலேயே தனியாக ஏதோ செய்கிறது.

என்ன செய்கிறது? நமது முதுகுத்தண்டில் வலிச் செய்திகளுக்கு ஒரு வாயிற்கதவு போன்ற அமைப்பு இருப்பதாக 1965ஆம் ஆண்டு மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் விளக்கினார்கள். கீழிருந்து வலிச் செய்தி மேலே ஏறும்போது, மூளையிலிருந்து "போதும், அடக்கு" என்ற கட்டளையும் கீழே இறங்குகிறது. அந்தக் கட்டளையைச் சுமந்து வரும் இரசாயனங்களில் முக்கியமானவை நோரட்ரினலின், செரோட்டோனின். அமிட்ரிப்டிலின் இவை இரண்டும் சீக்கிரம் உறிஞ்சப்படாமல் தடுத்து அங்கேயே தங்க வைக்கிறது. அடக்கும் கட்டளைக்குப் பலம் கூடுகிறது. அதோடு, பழுதான நரம்பு வீணாக மின்துடிப்பு அனுப்புவதையும் ஓரளவு மட்டுப்படுத்துகிறது. ஃபுளுவோக்செடின் செரோட்டோனினை மட்டும் பெரிதாகப் பார்ப்பதால் இங்கே தோற்றுப்போகிறது என்பது நிபுணர்களின் விளக்கம்.

இன்னொரு வேறுபாடு அளவு. மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலின் 75 மில்லிகிராம், அதற்கு மேல் என்று போகும். வலிக்கு இப்போது வழக்கமாகத் தொடங்குவது இரவில் 10 அல்லது 25 மில்லிகிராம். தேவைப்பட்டால் மெல்ல மெல்லக் கூட்டுவார்கள்.

காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் ஒரு காலத்தில் வாங்கிய ஆஸ்பிரினை இன்று எத்தனை பேர் இருதயத்துக்காகச் சாப்பிடுகிறார்கள்? அவர்களைப் பார்த்து "உனக்குக் காய்ச்சலா?" என்று யாரும் கேட்பதில்லை. இந்த மாத்திரையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓராண்டாகத் தூங்காத ஒருவருக்கு வலியோடு மனச்சோர்வும் சேர்ந்து வருவது உண்டு. அதற்கும் மருந்து சாப்பிட்டால் அது வெட்கம் அல்ல. ஆனால், அம்மாவின் மாத்திரை எதற்கு என்பதை அம்மாவுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டியது கடமை.

தராசின் ஒரு தட்டு: பயன்

இதே பணியைச் செய்யும் புதிய மருந்து டுலோக்செடின். 2004ஆம் ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மனச்சோர்வுக்கும், அதே ஆண்டில் இனிப்புநீர் நரம்பு வலிக்கும் இதை அங்கீகரித்தது. வழக்கமான அளவு நாளுக்கு 60 மில்லிகிராம். முதலில் 30இல் தொடங்குவது உண்டு. 120க்குக் கூட்டினால் பக்கவிளைவுகள் கூடும், வலி நிவாரணம் பெரிதாகக் கூடாது.

இந்த மருந்துகள் எந்த அளவுக்கு வேலை செய்கின்றன? 2015ஆம் ஆண்டு பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்டபோது ஒரு கணக்குக் கிடைத்தது. அமிட்ரிப்டிலின் வகை மருந்துகளை ஏறத்தாழ 4 பேருக்குக் கொடுத்தால், வெற்று மாத்திரையால் கிடைத்திருக்காத நல்ல நிவாரணம், அதாவது வலி பாதியாகக் குறைவது, ஒருவருக்குக் கிடைக்கிறது. டுலோக்செடின் வகைக்கு ஏறத்தாழ 6 பேருக்கு ஒருவர். மற்றவர்களுக்குக் கொஞ்சம் குறையலாம், குறையாமலும் போகலாம்.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். நரம்பு வலிக்குக் கொடுக்கப்படும் மற்ற மருந்துகளான கபாபென்டின், பிரிகாபலின் ஆகியவற்றின் கணக்கும் இதைவிட உயர்ந்ததில்லை. பிரிட்டனில் 130 பேரை வைத்து நடத்தி 2022ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அமிட்ரிப்டிலின், டுலோக்செடின், பிரிகாபலின் மூன்றில் எதை முதலில் கொடுத்துத் தொடங்கினாலும், தேவையானவர்களுக்கு இன்னொன்றைச் சேர்த்தபோது, சராசரி வலி பத்துக்கு 6.6 என்பதிலிருந்து 3.3க்கு இறங்கியது. அதாவது ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை.

பொறுமையும் வேண்டும். இது தலைவலி மாத்திரை போல் அரை மணியில் வேலை செய்யாது. தூக்கம் முதலில் வரும். வலி குறைய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கலாம். சரியான அளவில் ஆறு முதல் எட்டு வாரம் பார்த்துவிட்டுத்தான் பலன் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். சோதனை என்னவென்றால், பக்கவிளைவு முதல் நாளே வந்துவிடுகிறது, பயன் மூன்றாம் வாரம்தான் வருகிறது. நம்மில் பலர் இடையிலேயே இறங்கிவிடுகிறோம்.

மறு தட்டு: பக்கவிளைவுகள்

அமிட்ரிப்டிலினில் அடிக்கடி காண்பவை: வாய் உலர்தல், தூக்கக் கலக்கம், மலச்சிக்கல், பார்வை சற்று மங்குதல், பசி கூடி எடை ஏறுதல், படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுதல். என் அம்மா விழுந்தது இந்தக் கடைசிக் காரணத்தால்தான். முதியவர்களுக்கு ஞாபகக் குழப்பமும் வரலாம். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கூடுமானவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. கொடுக்கவே கூடாது என்பதல்ல பொருள். கொடுத்தால் குறைந்த அளவில், கண்காணித்துக் கொடுக்க வேண்டும்.

டுலோக்செடினில் காண்பவை: முதல் சில நாள்களில் குமட்டல், பசி குறைதல், வியர்வை, தலைசுற்றல், வாய் உலர்தல், சிலருக்குத் தூக்கம், சிலருக்குத் தூக்கமின்மை. ரத்த அழுத்தம் சற்று ஏறலாம். சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் குமட்டல் குறையும். பலருக்கு ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும்.

இவை தொல்லைகள். இனி வருபவை ஆபத்துகள். கீழே உள்ளவற்றில் ஒன்று உங்களுக்கு இருந்தால், மருந்து எழுதும் முன்பே வாய்திறந்து சொல்லுங்கள்.

முதலாவது, இருதயம். மாரடைப்பு வந்தவர்கள், இருதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு அமிட்ரிப்டிலின் ஆபத்தாகலாம். டாக்டர் இருதய மின்பதிவு எடுத்துப் பார்க்க விரும்பலாம்.

இரண்டாவது, கண்ணழுத்த நோய். மூன்றாவது, ஆண்களுக்குப் புரோஸ்டேட் வீக்கம். சிறுநீர் ஏற்கெனவே சிரமப்பட்டு வருகிறவர்களுக்கு அமிட்ரிப்டிலினால் அடியோடு அடைத்துக்கொள்ளவும் கூடும். கூச்சப்பட்டு மறைக்காதீர்கள்.

நான்காவது, கல்லீரலும் சிறுநீரகமும். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும், அதிகம் மது அருந்துகிறவர்களுக்கும், சிறுநீரகம் கடுமையாகப் பழுதடைந்தவர்களுக்கும் டுலோக்செடின் பொருந்தாது. பீர், சம்சு, தண்ணி எதுவானாலும், அமிட்ரிப்டிலினோடு சேர்ந்தாலும் மயக்கம் இரட்டிப்பாகும்.

ஐந்தாவது, மற்ற மருந்துகள். வலிக்கென்று நம் நாட்டுக் கிளினிக்குகளில் சாதாரணமாகக் கொடுக்கப்படும் டிரமடோல், இந்த மருந்துகளோடு சேரும்போது செரோட்டோனின் அளவுக்கு மீறிப்போகலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, காய்ச்சல், குழப்பம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில இருமல், சளி மருந்துகளும் இப்படித்தான். ஒரு கிளினிக்கில் ஒரு மருந்து, இன்னொரு கிளினிக்கில் இன்னொன்று என்று வாங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஆறாவது, இளையோர். 25 வயதுக்கு உட்பட்டவர்களில் சிலருக்குத் தொடக்கக் காலத்தில் தற்கொலை எண்ணம் தோன்றக்கூடும் என்று அமெரிக்க நிர்வாகம் 2004ஆம் ஆண்டிலும் 2007ஆம் ஆண்டிலும் எச்சரிக்கை சேர்த்தது. வீட்டார் கவனித்துக்கொள்ள வேண்டும். அதேபோல, அமிட்ரிப்டிலினை அளவு மீறி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பேரப்பிள்ளைகள் விளையாடும் வீட்டில் அதை மேசை மேல் வைக்காதீர்கள். பூட்டி வையுங்கள்.

நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு

"வலி குறைந்துவிட்டது, இனி எதற்கு?" என்று ஒரே நாளில் நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல் குணம், தூக்கமின்மை, தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோல் ஓர் உணர்வு வரலாம். இது போதைக்கு அடிமையானதன் அறிகுறி அல்ல. உடல் பழகிய ஒன்றைத் திடீரென்று இழப்பதன் விளைவு. டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. ஒரு வேளை மறந்துவிட்டால், மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். அம்மா விழுந்த கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாகனம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் சில நாள்களும், அளவு கூட்டிய நாள்களும் காலையில் கலக்கம் மிச்சமிருக்கலாம். துன் சார்டோன் சாலையின் வளைவுகளில் மோட்டார்சைக்கிளில் இறங்குகிறவருக்கு அரை நொடித் தூக்கமும் அதிகம்.

மாத்திரை செய்யாத வேலை

இதுதான் அரங்கில் நான் சொல்ல மறந்து, வீட்டுக்கு வந்து வருந்திய பகுதி. இந்த மாத்திரைகள் வலியைக் குறைக்கின்றன. பழுதான நரம்பைக் குணப்படுத்துவதில்லை. எரிச்சல் அடங்கியதும் கால் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். ஆனால் அந்தப் பாதத்துக்குச் சூடு தெரியாது, ஆணி குத்தியது தெரியாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குத் தார்ச் சாலையில் வெறுங்காலோடு நடந்துவிட்டு, மறுநாள் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நேர்த்திக்கடன் இருந்தால், டாக்டரிடம் காலைக் காட்டிவிட்டு, வெயில் ஏறும் முன் நடந்து, திரும்பியதும் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். தினமும் இரவு பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வெந்நீரில் கால் வைக்கும் முன் முழங்கையால் சூடு பாருங்கள்.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராமல் எந்த மாத்திரையும் நிலைத்த பயன் தராது. இன்னொன்று, மெட்ஃபார்மின் நீண்ட காலம் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும். அந்தக் குறைவே நரம்பை வாட்டும். அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு. கேட்டுப் பாருங்கள்.

வலியைச் சொல்வது முனகல் அல்ல என்பதையும் நம் பெரியவர்கள் அறிய வேண்டும். காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம் ஆகிய நான்கோடு வலியையும் ஐந்தாவதாகக் கேட்டுப் பதிவு செய்யும் முறையைச் சுகாதார அமைச்சு 2008ஆம் ஆண்டு கொண்டுவந்தது. "பத்துக்கு எத்தனை?" என்று தாதி கேட்டால், "பரவாயில்லம்மா" என்று சொல்லாதீர்கள். எண்ணைச் சொல்லுங்கள். மருந்தால் மட்டும் தீராத நாள்பட்ட வலிக்குச் செலாயாங் மருத்துவமனையில் வலி நிபுணர் டாக்டர் மேரி கார்டோசாவின் குழு தொடங்கிய 'மெனாங்' பயிற்சித் திட்டம், வலியோடு நடமாடவும் வேலை செய்யவும் பழக்குகிறது. வலிக்கான சிகிச்சை என்பது மாத்திரைச் சீட்டோடு முடிவதில்லை என்பதற்கு அது ஒரு சான்று.

யார் எடை போடுவது?

அம்மா விழுந்த பிறகு அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம். அங்கே ஓர் இளம் டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இருதய மின்பதிவு எடுத்தார். அம்மா சாப்பிடும் மற்ற மாத்திரைகளைப் பார்த்தார். பிறகு, "அம்மா, இது உங்க மனசுக்கு இல்ல, கால் நரம்புக்கு" என்று தொடங்கிப் பத்து நிமிடம் விளக்கினார். அந்தப் பத்து நிமிடம்தான் உண்மையான மருந்து என்று எனக்குத் தோன்றியது. 10 மில்லிகிராமில் மீண்டும் தொடங்கலாம், படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிடலாம், இரவில் எழும்போது படுக்கை ஓரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும், ஒத்துவராவிட்டால் வேறு மருந்து இருக்கிறது என்றார்.

ஒரு பழைய பள்ளி நோட்டுப் புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்தேன். தினமும் நான்கு வரி. இரவு வலி பத்துக்கு எத்தனை, எத்தனை மணி நேரம் தூக்கம், என்ன தொல்லை, காலைச் சர்க்கரை எவ்வளவு. கழிவறைப் பாதையில் ஒரு சின்ன விளக்கும் மாட்டினோம். தொடங்கும்போது வலி 8. முதல் வாரம் 8. இரண்டாம் வாரம் 7. டாக்டர் ஒரு முறை அளவைக் கூட்டினார். எட்டாம் வாரம் 4. அதே புத்தகத்தில் "வாய் காயுது", "மலம் சரியா போகல" என்ற வரிகளும் இருந்தன. பப்பாளியும் தண்ணீரும் ஓரளவு உதவின. முழுதாகத் தீரவில்லை.

புத்தகத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னிடம் கேட்கவில்லை, அம்மாவிடம் கேட்டார்: "தொடரலாமா, மாத்தலாமா? நீங்க சொல்லுங்க."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "வாய் காஞ்சா தண்ணி குடிச்சிக்கலாம் டாக்டர். கால் எரிஞ்சா நான் எதைக் குடிக்கிறது? இப்ப ராத்திரி படுத்தா அஞ்சு மணி நேரம் தூங்குறேன். இது போதும், இருக்கட்டும்" என்றார்.

இன்னொரு அம்மா வேறு முடிவு எடுக்கலாம். காலையில் வேலைக்கு ஓடும் ஒருவருக்கு அந்தக் கலக்கம் பொறுக்க முடியாததாக இருக்கலாம். இருதய நோய் உள்ள ஒருவருக்கு இந்த மாத்திரையே வேண்டாம் என்றிருக்கலாம். தராசைப் பிடிக்க டாக்டர் வேண்டும். தட்டில் எது கனம், எது லேசு என்று சொல்ல வேண்டியவர் வலிப்பவர்தான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அன்பர்களே, இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் சாப்பிடும் மாத்திரைப் பையை எடுத்து, "இது எதுக்குன்னு தெரியுமா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தெரியாது என்று பதில் வரும் மாத்திரையின் பெயரை எழுதிக்கொண்டு, அடுத்த முறை டாக்டரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். அதுவரை எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், கூட்டவும் வேண்டாம். அப்படியே, இரவில் அவர் எங்கே கால் வைத்து உட்கார்ந்திருக்கிறார் என்றும் ஒரு நாள் எழுந்து பாருங்கள். நான் ஓராண்டு தாமதமாகத்தான் பார்த்தேன்.